வெனிஸுக்கு முதல்முறை போகிறீர்களா? பாலங்களை எண்ணிவிட்டுக் கிளம்புங்கள்

வெனிஸில் கார் கிடையாது, ஸ்கூட்டர் கிடையாது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாலே அபராதம். சின்னதும் பெரியதுமாக 118 தீவுகள். அவற்றைத் தைத்து வைத்திருக்கும் நானூற்றுச் சொச்சம் பாலங்கள். அடியில் படகு நுழைய வேண்டுமென்பதால் அநேகமாக எல்லாப் பாலத்திலும் ஏறப் படி, இறங்கப் படி. இருபத்து மூன்று கிலோ பெட்டியோடு வருகிறவருக்கு இந்த ஊரின் முதல் பாடம் அந்தப் படிகளில்தான். எந்த அருங்காட்சியகம், எந்தத் தேவாலயம் என்பதெல்லாம் இங்கே இரண்டாவது. எந்தப் படகுத்துறையில் இறங்குகிறோம், அங்கிருந்து விடுதிக்கு எத்தனை பாலம், எந்தத் தடத்துப் படகு, அன்று கடல்நீர் எத்தனை மணிக்கு ஏறும்: இந்த நான்குக்கும் முதலில் விடை எழுதிக்கொள்ளுங்கள்.

கீழே வரும் கட்டணங்கள் 2025-ஐ ஒட்டியவை. கிளம்புமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

எத்தனை நாள், எந்த நேரம்

வெனிஸைப் பார்த்துவிட்டு "ஒரே கூட்டம், ஒன்றும் பிடிக்கவில்லை" என்பவர்களைக் கேட்டால், பெரும்பாலும் காலை பத்து மணிக்கு ரயிலில் வந்து மாலை ஐந்து மணிக்குத் திரும்பியவர்களாக இருப்பார்கள். பகலில் வந்து போகும் கூட்டம் முழுக்க ரயில் நிலையம், ரியால்தோ பாலம், சான் மார்க்கோ சதுக்கம் என்ற ஒரே கோட்டில் நெருக்கியடிக்கும். அந்தக் கோட்டை விட்டு இரண்டு பாலம் தள்ளிப் போனால் துணி காயும் கொடிகள், பந்து விளையாடும் பிள்ளைகள், நாயோடு நடக்கும் பாட்டிகள். மாலை ஆறரைக்கு மேல் அந்தக் கோடும் காலியாகத் தொடங்கும். காலை ஏழு மணிக்கு சான் மார்க்கோ சதுக்கத்தில் நின்றால் குப்பை அள்ளும் ஆட்களும் கடற்காக்கைகளும்தான் துணை.

ஆகவே குறைந்தது இரண்டு இரவு. மூன்று என்றால் தீவுகளுக்கும் சேர்த்து நிதானமாக இருக்கும். ஒரே ஒரு பகல்தான் கிடைக்கிறது என்றால், இருட்டும்வரை இருந்து கடைசி ரயில்களில் ஒன்றைப் பிடியுங்கள்.

தங்குமிடம் ஊருக்குள்ளா, கரையிலுள்ள மெஸ்த்ரேயிலா என்பது எப்போதும் வரும் கேள்வி. மெஸ்த்ரேயில் வாடகை கணிசமாகக் குறைவு. ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். நான்கைந்து நாள் தங்கும் குடும்பம் என்றால் மெஸ்த்ரே ரயில் நிலையத்தருகே எடுப்பதில் நியாயம் உண்டு. ஓரிரு இரவுக்கு அது வீண் சிக்கனம். ஊரின் நல்ல நேரமான அதிகாலையையும் இரவையும் மெஸ்த்ரேயிலும் பயணத்திலும் தொலைத்துவிட்டு, மோசமான நேரத்துக்கு உள்ளே வருவீர்கள். ஊருக்குள் எடுப்பதாக இருந்தால் கான்னரேஜோ பேட்டையின் வடபகுதியும் காஸ்தெல்லோ பேட்டையின் கிழக்கும் வாடகை, அமைதி இரண்டிலும் சான் மார்க்கோ பகுதியை விட மேல்.

மாதம் பற்றிச் சுருக்கமாக: ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் இதமானவை, ஆனால் விலை உச்சம். ஜூலையிலும் ஆகஸ்டிலும் புழுக்கமும் கொசுவும். ஜனவரி 6-க்குப் பிறகு கார்னிவல் என்ற முகமூடித் திருவிழா தொடங்கும்வரை உள்ள சில வாரங்கள்தான் ஊர் மலிவாகவும் வெறிச்சோடியும் இருக்கும் காலம். குளிரும், பனிமூட்டமும் இருக்கும். அந்த மூட்டத்தில் ஊர் அழகு கூடும் என்பது எங்கள் கட்சி.

நுழைவுக் கட்டணம் என்ற புது ஏற்பாடு

2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் மிகும் குறிப்பிட்ட நாட்களில் பகல் பயணிகளிடம் நகராட்சி நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. 2024-ல் 29 நாட்கள், 2025-ல் 54 நாட்கள். காலை 8.30 முதல் மாலை 4 மணிக்குள் பழைய ஊருக்குள் நுழைகிறவர்களுக்கு மட்டும்தான் இது. நான்கு நாளுக்கு முன்பே பதிவு செய்தால் 5 யூரோ, அதற்குப் பிறகு 10 யூரோ. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இல்லை.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வெனிஸ் நகராட்சி எல்லைக்குள் இரவு தங்குகிறவர்கள் இந்தக் கட்டணம் கட்ட வேண்டாம். மெஸ்த்ரேயும் இந்த எல்லைக்குள்தான். ஆனால் விலக்கு தானாக வந்துவிடாது. நகராட்சித் தளத்தில் பெயரும் விடுதியும் கொடுத்து விலக்குச் சீட்டை இறக்கிக் கைபேசியில் வைத்திருக்க வேண்டும். ரயில் நிலைய வாசலில் சோதிப்பார்கள். சீட்டு இல்லையென்றால் அபராதம் 50 யூரோவில் தொடங்குகிறது. விடுதியில் தனியாக வாங்கும் இரவு வரி வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வந்து இறங்குவது

ரயிலில் வருகிறவர்கள் "வெனேசியா" என்று தொடங்கும் முதல் நிலையத்திலேயே இறங்கிவிடுவது ரொம்பச் சாதாரணமாக நடக்கும் தவறு. அது வெனேசியா மெஸ்த்ரே. உங்களுக்கு வேண்டியது அதற்கும் அப்பால் உள்ள கடைசி நிலையம்: வெனேசியா சாந்தா லூச்சியா. இடையில் ரயில் கடல்மேல் ஓடும். அதைக் கடக்காமல் இறங்கியிருந்தால் இறங்கிய இடம் தப்பு. பிராந்திய ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கியிருந்தால், ஏறுமுன் நடைமேடையில் உள்ள சிறிய இயந்திரத்தில் செருகித் தேதி முத்திரை போட்டுக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத டிக்கெட், டிக்கெட்டே இல்லாத கணக்கு.

விமானத்தில் வந்தால் மார்க்கோ போலோ நிலையம். பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பையும் காயல் துறைமுகத்தையும் பற்றிச் சொல்லி எழுதவைத்த அதே வெனிஸ் வணிகரின் பெயர்தான். அங்கிருந்து மூன்று வழி. முதலாவது பேருந்து: 10 யூரோ, இருபது இருபத்தைந்து நிமிடத்தில் பியாஸாலே ரோமா, சாலை அங்கே முடிகிறது. இரண்டாவது அலிலகூனா படகு: பேருந்தை விட விலை அதிகம், நேரமும் அதிகம், ஆனால் விடுதி அந்தப் படகுத்துறைகளில் ஒன்றுக்கு அருகே இருந்தால் பெட்டி தூக்கும் வேலை மிச்சம். மூன்றாவது தனி மோட்டார் படகு: நூறு யூரோவைத் தாண்டும், ஐந்தாறு பேர் பங்கிட்டால் மட்டும் யோசிக்கலாம். பலருக்கும் பேருந்தும் அதன்பின் ஊர்ப்படகும் போதும்.

மலிவு விமானங்கள் சில "வெனிஸ்" என்று சொல்லி இறக்குவது த்ரெவீசோ என்ற வேறு ஊரில். டிக்கெட்டில் நிலையத்தின் பெயரைப் பார்த்துவிடுங்கள்.

பெட்டியும் பாலமும்

விடுதி பதிவு செய்யுமுன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "படகுத்துறையிலிருந்து உங்கள் வாசலுக்கு எத்தனை பாலம்?" தூரத்தைக் கேட்காதீர்கள், 300 மீட்டர் என்பார்கள், நடுவில் மூன்று பாலம் இருக்கும். பூஜ்யம் அல்லது ஒன்று என்றால் தயங்காமல் எடுக்கலாம். இரண்டாவது கேள்வி, மின்தூக்கி உண்டா என்பது. பழைய கட்டடங்களில் இருக்காது; மூன்றாம் மாடி அறை என்றால் செங்குத்தான படிகள்.

பெரிய பெட்டி ஒன்றுக்குப் பதில் ஆளுக்கொரு சிறிய பெட்டியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஊர்ப்படகில் நீளம், அகலம், உயரம் கூட்டினால் 150 சென்டிமீட்டருக்குள் வரும் பெட்டி ஒன்று இலவசம். பகல் மட்டும் தங்குகிறவர்கள் ரயில் நிலையத்திலோ பியாஸாலே ரோமாவிலோ உள்ள பெட்டிக் காப்பகத்தில் விட்டுவிடலாம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போகிறவர்கள், ரயில் நிலையத்துக்கும் பியாஸாலே ரோமாவுக்கும் நடுவே 2008-ல் கட்டிய அரசியலமைப்புப் பாலத்தைத் தவிர்த்து ஒரு நிறுத்தம் படகில் போய்விடுவது மேல். அதன் படிகளின் அளவு சீராக இருக்காது, மழையில் கண்ணாடிப் படிகள் வழுக்கும் என்று திறந்த நாளிலிருந்தே புகார்.

வபொரெத்தோ: ஊரின் டவுன் பஸ்

ஊர்ப்படகுக்கு வபொரெத்தோ என்று பெயர். ஒரு பயணச்சீட்டு 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். அதற்குள் அதே திசையில் படகு மாறலாம், போன வழியே திரும்ப முடியாது. 24 மணிநேரச் சீட்டு 25 யூரோ, 48 மணிநேரத்துக்கு 35, 72 மணிநேரத்துக்கு 45, ஏழு நாளுக்கு 65. கணக்கு எளிது: ஒரு நாளில் மூன்று முறை ஏறுவதாக இருந்தால் 24 மணிச் சீட்டு லாபம், அதற்குக் குறைவென்றால் நட்டம். மணிக்கணக்கு தொடங்குவது வாங்கிய நேரத்திலிருந்து அல்ல, முதல்முறை இயந்திரத்தில் தொட்ட நேரத்திலிருந்து. 6 முதல் 29 வயது வரையுள்ளவர்கள் ரோலிங் வெனிஸ் அட்டை எடுத்தால் 72 மணிச் சீட்டு அட்டை விலையோடு சேர்த்து ஏறக்குறைய 33 யூரோவில் முடிந்துவிடும். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம்.

ஒவ்வொரு முறை ஏறும்போதும் சீட்டை வெள்ளை இயந்திரத்தில் தொட்டு, பச்சை விளக்கைப் பார்த்த பிறகே மேடைக்குள் போக வேண்டும். "மூன்று நாள் சீட்டுதானே, ஒருமுறை தொட்டால் போதாதா" என்று நினைப்பவர்கள்தான் பரிசோதகரிடம் மாட்டுகிறார்கள். இயந்திரம் வேலை செய்யவில்லை, அல்லது சீட்டே வாங்க முடியவில்லை என்றால் ஏறியவுடன் நீங்களே போய்ப் படகு ஊழியரிடம் சொல்லிவிடுங்கள்.

துறை என்பது நீரில் மிதக்கும் ஒரு மேடை. பெரிய துறைகளில் ஒன்றுக்கு நான்கைந்து மேடைகள் ஏ, பி, சி என்று எழுத்திட்டு நிற்கும். தட எண்ணோடு திசையையும் பார்க்காவிட்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவீர்கள். படகு மேடையை உரசி நிற்கும். ஊழியர் தடித்த கயிற்றை இரும்புக் குற்றியில் எட்டுப் போல் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிவிட்டுக் கம்பிக் கதவை இழுப்பார். இறங்குகிறவர்களுக்கு முதலில் வழி விடுங்கள். முதுகுப் பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும்; இல்லையென்றால் ஊழியர் சத்தம் போடுவார். ஜேப்படிக்காரர்களுக்கும் அந்த நெரிசல்தான் வசதி என்பதால் இது உங்கள் நன்மைக்கும்தான்.

தெரிந்துகொள்ள வேண்டிய தடங்கள் சில. 1-ஆம் எண், ஊரின் நடுவே ஓடும் பெருங்கால்வாய் முழுக்க எல்லாத் துறையிலும் நின்று நின்று போகும். ரயில் நிலையத்திலிருந்து சான் மார்க்கோவுக்குச் சுமார் 40 நிமிடம். 2-ஆம் எண் அதே வழியில் பாதித் துறைகளில் நிற்காமல் போகும். 4.1, 4.2, 5.1, 5.2 ஆகியவை ஊரை வெளிப்பக்கமாகச் சுற்றுகின்றன. கூட்டமான நேரத்தில் பெருங்கால்வாயை விட இவையே வேகம். 12-ஆம் எண் தீவுகளுக்கு. விமான நிலையத்துக்கு இந்தச் சீட்டுகள் செல்லாது.

ஊர் சுற்றிக்காட்டும் படகுக்கென்று தனியாகப் பணம் கட்டாதீர்கள். இரவு எட்டு மணிக்கு மேல் பியாஸாலே ரோமாவில் 1-ஆம் எண் படகில் ஏறி, முன்பக்கமோ பின்பக்கமோ வெளியே இடம் பிடித்து உட்கார்ந்துகொள்ளுங்கள். 3.8 கிலோமீட்டர் கால்வாய், இருபுறமும் விளக்கெரியும் மாளிகைகள், சில ஜன்னல்கள் வழியே உத்தரத்து ஓவியம்கூடத் தெரியும். தொடங்கும் துறையிலேயே ஏறுவதுதான் சூட்சுமம். நடுவில் ஏறினால் வெளியிடம் கிடைக்காது.

முகவரியும் வழியும்

ஊரில் ஆறு பேட்டைகள்: சான் மார்க்கோ, காஸ்தெல்லோ, கான்னரேஜோ, சான் போலோ, சாந்தா க்ரோச்சே, தொர்சொதூரோ. கதவிலக்கம் தெருவாரியாக இல்லை, பேட்டை முழுக்க ஒரே தொடர். டோஜே, அதாவது பழைய வெனிஸ் குடியரசின் தலைவர், இருந்த அரண்மனை சான் மார்க்கோ 1. காஸ்தெல்லோவில் எண் ஆறாயிரத்தைத் தாண்டும். "காஸ்தெல்லோ 5300" என்ற முகவரியை வைத்து உள்ளூர்க்காரரே இடம் சொல்ல முடியாது. விடுதிக்காரரிடம் தெருப்பெயரும், அருகிலுள்ள தேவாலயம் அல்லது சதுக்கத்தின் பெயரும், படகுத்துறையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். தெருப்பெயரும் தனியாகப் போதாது. அடுப்புத் தெரு என்று பொருள்படும் "காலே தெல் ஃபோர்னோ" ஊரில் பல இடங்களில் உண்டு. பேட்டைக்கொரு ரொட்டி அடுப்பு இருந்ததன் மிச்சம்.

சுவரில் வெள்ளைக் கட்டம் அடித்துக் கறுப்பு எழுத்தில் எழுதியிருப்பதைப் படிக்கப் பழகினால் பாதி வழி தெரிந்துவிடும். காலே என்றால் சந்து. காம்போ என்றால் தேவாலயத்துக்கு முன்னுள்ள திடல். ஃபொந்தமெந்தா என்றால் கால்வாயை ஒட்டிய நடைபாதை. ரியோ என்றால் சிறு கால்வாய். ரியோ தெரா என்றால் தூர்த்துத் தெருவாக்கிய கால்வாய். சொத்தொபோர்த்தெகோ, வீட்டுக்கு அடியில் குனிந்து போகும் வழி. கோர்த்தே என்று போட்டிருந்தால் உள்ளே போகாதீர்கள், முட்டுச் சந்தாக இருக்க வாய்ப்பு அதிகம்.

குறுகிய சந்துகளில் கைபேசியின் நீலப்புள்ளி அடுத்த கால்வாய்க்குத் தாவிவிடும். அதை நம்பி நடந்தால் சந்து நேரே தண்ணீரில் போய் முடியும். கீழ்ப்படியில் பாசி இருந்தால் கால் வைக்காதீர்கள். பெரிய திசைக்குச் சுவரின் மஞ்சள் பலகைகளைப் பாருங்கள்: ரியால்தோ, சான் மார்க்கோ, ரயில் நிலையம், பியாஸாலே ரோமா. சில இடங்களில் ரியால்தோவுக்கு இடதுபுறமும் அம்பு, வலதுபுறமும் அம்பு இருக்கும். இரண்டும் உண்மைதான், கூட்டம் குறைவான பக்கம் போங்கள். சந்தில் வலது ஓரமாக நடங்கள், பாலத்து உச்சியில் நின்று படம் எடுத்து வழியை மறிக்காதீர்கள். அது அங்கே வேலைக்குப் போகிறவரின் பாதை.

பெருங்கால்வாய்க்குக் குறுக்கே நான்கே பாலங்கள். இடையில் கடக்க த்ரகேத்தோ என்ற துடுப்புப் படகு உண்டு; சாந்தா சோஃபியா, சான் தொமா ஆகிய துறைகளில் கிடைக்கும். வெளியூர்க்காரருக்கு 2 யூரோ, சில்லறையாகக் கையில் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடப் பயணம்தான், ஆனாலும் கொண்டோலா மாதிரியான படகில் ஏறிய கணக்கு ஆகிவிடும்.

சான் மார்க்கோ: வரிசையைத் தவிர்க்கும் முறை

பேராலயத்துக்கு நேரம் குறித்த சீட்டை அதன் சொந்தத் தளத்தில் வாங்குங்கள்; இடைத்தரகர் தளங்கள் அதே சீட்டை இரட்டை விலைக்கு விற்கும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். முதுகுப் பைக்கு உள்ளே அனுமதி இல்லை. ஞாயிறு காலை வழிபாட்டு நேரம், பார்வையாளர்களுக்கு மதியம் 2 மணிக்குத்தான் திறக்கும். உள்ளே போனதும் தலை நிமிர்ந்து பொன் மொசைக்கைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள் எல்லோரும். கீழே தரையையும் பாருங்கள். நூற்றாண்டுகளாக அடித்தளம் இறங்கியதில் பளிங்குத் தரை அலையலையாக ஏறி இறங்கும். மாடி அருங்காட்சியகத்துக்குக் கூடுதல் சீட்டு தேவைப்பட்டாலும் எடுங்கள். 1204-ல் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து கொள்ளையாக வந்த நான்கு வெண்கலக் குதிரைகளின் அசல் அங்கேதான்; முகப்பில் நிற்பவை நகல்.

டோஜே அரண்மனைக்கு சீட்டு சுமார் 30 யூரோ. 30 நாள் முன்னதாக வாங்கினால் குறையும். அதே சீட்டில் எதிரிலுள்ள கொர்ரேர் அருங்காட்சியகமும் அடங்கும். வரிசை நீளமாக இருந்தால் முதலில் கொர்ரேர் போய்விட்டு, மாலையில் அரண்மனைக்கு வாருங்கள். பெருமூச்சுப் பாலத்தை வெளியே நின்று படம் பிடிக்க முண்டியடிப்பார்கள்; அரண்மனைச் சீட்டு இருந்தால் அதற்குள்ளேயே நடந்து சிறைக்குப் போகலாம். வெனிஸ் சாகசக்காரர் காசனோவா 1756-ல் தப்பித்த மாடிச் சிறையைப் பார்க்க மட்டும் தனி வழிகாட்டியோடு வேறு சீட்டு.

மணிக்கூண்டு 98.6 மீட்டர். இப்போதிருப்பது 1912-ல் முடிந்தது. பழையது 1902 ஜூலை 14 அன்று பொலபொலவென்று சரிந்தது. ஏறிப் பார்க்க ஆசை என்றால் இதை விட்டுவிட்டு எதிர்க்கரைத் தீவான சான் ஜோர்ஜோ மஜோரேயின் மணிக்கூண்டுக்குப் போங்கள். சான் சக்கரியா துறையில் 2-ஆம் எண், ஒரே நிறுத்தம். வரிசை சின்னது, மின்தூக்கி உண்டு. அங்கிருந்து பார்த்தால்தான் சான் மார்க்கோ மணிக்கூண்டும் படத்தில் விழும்.

ஓவியத்துக்கென்று ஒரு அரை நாள் ஒதுக்க முடியுமானால் அகாதெமியா ஓவியக் கூடத்துக்கு முன் சான் போலோவுக்குப் போங்கள். ஃப்ராரி தேவாலயத்தில் தித்தியானோ 1518-ல் முடித்த மரியாளின் விண்ணேற்பு, எந்தப் பீடத்துக்காக வரைந்தாரோ அங்கேயே நிற்கிறது. இரண்டு நிமிட நடையில் சான் ரோக்கோ. தின்தொரெத்தோ இருபதாண்டுகளுக்கு மேல் வரைந்து நிரப்பிய கூடம். உத்தரத்து ஓவியத்தைக் கழுத்து வலிக்காமல் பார்க்கக் கைக்கண்ணாடி கொடுப்பார்கள். தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

நீர் ஏறும் நாட்கள்

அக்டோபர் முதல் ஜனவரி வரை போகிறவர்கள் ஆக்வா ஆல்தா என்ற சொல்லைக் கேட்பார்கள்: உயர் நீர். அளவுக்கோல் 1897-ன் சராசரிக் கடல்மட்டம். அதற்கு மேல் 80 சென்டிமீட்டர் ஏறினால் ஊரிலேயே தாழ்வான சான் மார்க்கோ சதுக்கத்தில் சாக்கடைத் துளை வழியாகத் தண்ணீர் கொப்பளிக்கத் தொடங்கும். 1966 நவம்பர் 4-ல் 194, 2019 நவம்பர் 12-ல் 187 சென்டிமீட்டர் ஏறியது. 2020 அக்டோபர் 3-லிருந்து நிலைமை வேறு. ஊரைச் சூழ்ந்த கடற்கழியின் மூன்று வாய்களிலும் கடலடியில் படுத்திருக்கும் 78 மடைக்கதவுகள், பொதுவாக 110 சென்டிமீட்டரைத் தாண்டும் என்ற முன்னறிவிப்பு வந்தால் எழும்பிக் கடலை வெளியே நிறுத்திவிடுகின்றன. இதற்கு மோசே என்று பெயர். ஆகவே ஊர் மூழ்கும் என்ற பயம் வேண்டாம். 80-க்கும் 110-க்கும் நடுவே ஏறும் நாட்களில் மட்டும் சதுக்கம் நனையும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: முந்திய இரவு நகராட்சியின் அலை முன்னறிவிப்பில் உச்ச நேரத்தைப் பாருங்கள். உச்சத்துக்கு முன்பும் பின்பும் இரண்டு மணிநேரம் சதுக்கத்தை விட்டு வேறு பக்கம் போய்விடுங்கள். பெரிய எச்சரிக்கை என்றால் சங்கொலிக்குப் பின் ஸ்வரம் கேட்கும்: ஒன்று என்றால் 110, இரண்டு 120, மூன்று 130, நான்கு 140-ம் அதற்கு மேலும். தெருவில் பலகைப் பாலம் போடுவார்கள். அதில் நின்று படமெடுக்காமல் நகர்ந்துகொண்டே இருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் இறங்குவது நம் பழக்கம். அங்கே வேண்டாம், கழிவுநீர் கலந்திருக்கும். காலணிமேல் மாட்டும் பிளாஸ்டிக் உறை தெருவிலேயே விற்கும்.

நல்ல தண்ணீருக்குக் கவலை இல்லை. தெருக்குழாய்களில் வருவது குடிநீர்தான், பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். திடல்களின் நடுவே மூடியிட்ட கல் கிணறுகள் தெரியும். கடல் நடுவே கிணறு எப்படி என்றால், அவை ஊற்றுக் கிணறுகள் அல்ல, மழைநீர்த் தொட்டிகள். திடலை ஆழமாகத் தோண்டி, பக்கங்களில் களிமண் பூசி உப்புநீரைத் தடுத்து, உள்ளே மணல் நிரப்பி, நடுவில் செங்கல் குழாய் எழுப்புவார்கள். கிணற்றைச் சுற்றித் தரையைக் கூர்ந்து பாருங்கள்: ஓட்டையிட்ட வெள்ளைக் கல் சில பதிந்திருக்கும், தளம் அந்தக் கற்களை நோக்கிச் சரியும். மழை அதன் வழியே இறங்கி, மணலில் வடிந்து, குழாய்க்குள் ஊறும். 1884-ல் கரையிலிருந்து குழாய்நீர் வரும்வரை ஊர் குடித்தது இதைத்தான்.

சாப்பாடு, முக்கியமாகச் சைவர்களுக்கு

பில்லில் "கொபெர்த்தோ" என்று ஆளுக்கு 2 முதல் 4 யூரோ இருக்கும். இலை போட்டதற்கான கட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோசடி இல்லை, பட்டியலில் எழுதியிருக்க வேண்டும். மீன் விலைக்குப் பக்கத்தில் "எத்தோ" என்றிருந்தால் அது 100 கிராமுக்கு. 8 யூரோ மீன் என்று ஆர்டர் செய்து, 700 கிராம் மீன் வந்து 56 யூரோ கட்டியவர்கள் உண்டு. சமைக்குமுன் எடையைக் கேட்டுவிடுங்கள். காபியைக் கவுண்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. சான் மார்க்கோ சதுக்கத்தில் வாத்தியக்குழு வாசித்தால் அதற்கும் தனிக் கட்டணம். சதுக்கத்தின் தரையிலும் படிகளிலும் உட்கார்ந்து சாப்பிட்டால் அபராதம்.

சைவம் என்று நினைத்து ஏமாறும் பண்டங்கள் சில. "பிகொலி இன் சால்சா" என்றால் வெறும் சாஸ் போட்ட நூடுல்ஸ் போலத் தோன்றும். அந்த சாஸே நெத்திலியும் வெங்காயமும்தான். அரிசியும் பட்டாணியுமான "ரீசி எ பீசி"யில் பன்றி இறைச்சித் துண்டு சேரும். காய்கறி ரிசொத்தோவைக்கூட இறைச்சி ரசத்தில் வேகவைப்பது உண்டு; "ப்ரோதோ வெஜெதாலே?" என்று கேளுங்கள். "நோன் மாஞ்சோ கார்னே, நே பேஷே" என்றால் இறைச்சியும் வேண்டாம் மீனும் வேண்டாம் என்று பொருள். வெறுமனே இறைச்சி வேண்டாம் என்றால் மீன் வந்து சேரும். பார்மெசான் பாலாடைக்கட்டியில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் உண்டு. அதையும் தவிர்ப்பவர்களுக்குத் தக்காளியும் பூண்டும் மட்டும் உள்ள பீட்சா மரினாரா கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். முட்டை சாப்பிடுகிறவர்களுக்குக் கவுண்டர்களில் இருக்கும் முக்கோண ரொட்டியான த்ரமெஸ்ஸீனோவில் நல்ல தேர்வுகள் கிடைக்கும்.

அசைவர்களுக்குப் பாக்கரோ என்ற நின்று சாப்பிடும் கடைகள் சொர்க்கம். சிறு ரொட்டித் துண்டின்மேல் கருவாட்டுக் காட் மீனை எண்ணெய் விட்டு வெண்ணெய்போல் கடைந்து வைத்திருப்பார்கள். வெங்காயமும் வினிகருமாக ஊறிய மத்தியும் கிடைக்கும். மாலை ஆறு மணிக்கு ரியால்தோ சந்தையின் பின்சந்துகளில் தேடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு எட்டு மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள், பத்து மணிக்கு மேல் அடுப்பு அணைந்துவிடும்.

கொண்டோலா, தீவுகள்

கொண்டோலாவுக்கு நகராட்சி விலை உண்டு: பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ, மாலை 7-க்கு மேல் 35 நிமிடத்துக்கு 110. இது படகுக்கு, ஆளுக்கு அல்ல. ஐந்து பேர்வரை ஏறலாம். ஏறுமுன் நேரத்தையும் வழியையும் பேசிவிடுங்கள். பெருங்கால்வாயில் அலையும் இரைச்சலும்; ஃப்ராரி, சாந்தா மரியா ஃபொர்மோசா பக்கத்துச் சிறு கால்வாய்களில் ஏறுவது மேல். ஏறியதும் படகின் நடுக்கோட்டைப் பாருங்கள், வளைந்திருக்கும். ஒரே ஆள் வலப்புறம் ஒரே துடுப்பால் தள்ளுவதால் படகு இடப்பக்கம் திரும்பிவிடாமல் இருக்க, இடப்பக்கத்தை 24 சென்டிமீட்டர் அகலமாகக் கட்டுகிறார்கள்.

தீவுகளுக்கு ஃபொந்தமெந்தே நோவே துறையில் 12-ஆம் எண். பெரும்பாலோர் முரானோவில் தொடங்கி புரானோவில் முடிப்பார்கள். மாலை புரானோ துறையில் இரண்டு படகு விட்டு மூன்றாவதில் ஏற வேண்டிய நிலை. தலைகீழாகப் போங்கள். காலை ஒன்பதுக்குள் கிளம்பி நேரே புரானோ, வண்ண வீடுகளைக் கூட்டம் வருமுன் பார்த்துவிட்டு, 9-ஆம் எண்ணில் ஐந்து நிமிடத்தில் தொர்ச்செல்லோ. 639-ல் நிறுவிய பேராலயத்தின் பின்சுவர் முழுக்கக் கடைசித் தீர்ப்பு மொசைக். திரும்பும் வழியில் முரானோ. கண்ணாடி உலைகளைத் தீ விபத்துக்குப் பயந்து 1291-ல் அங்கே அனுப்பினார்கள். சான் மார்க்கோவில் "இலவசப் படகில் கண்ணாடி ஆலை" என்று அழைப்பவர்களோடு போனால் படகு இலவசம்தான். வாங்காமல் வெளியே வருவதுதான் பாடு.

திரும்பும் நாள்

அலிலகூனா படகில் சான் மார்க்கோ பக்கத்திலிருந்து விமான நிலையத்துக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி ஆகும். துறையிலிருந்து கூடத்துக்கு மேலும் பத்து நிமிட நடை. பனிமூட்ட நாளில் படகு மெதுவாகப் போகும், சில தடங்கள் மாறிவிடும். இத்தாலியில் போக்குவரத்து வேலைநிறுத்தத்தை முன்கூட்டியே அறிவிப்பார்கள். "ஷோபெரோ" என்ற சொல் துறையில் ஒட்டியிருந்தால் தேதியைப் பாருங்கள். காலை விமானம் என்றால் முந்திய மாலையே விடுதியிலிருந்து பியாஸாலே ரோமாவுக்கு, பெட்டியில்லாமல், ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்: எத்தனை நிமிடம், எத்தனை பாலம், எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்று. விடியுமுன் இருட்டில் பெட்டியோடு அதே சந்தைத் தேடும்போது அந்தக் கணக்குக் கையில் இருக்கும்.